பிரிக்தாவின் ஸ்தோத்திரம்

1

எங்கள் கிறிஸ்தவ சபையாருக்கு ஒரு வழக்கம் உண்டு. தலையை வெட்டச் சொல்லித் தீர்ப்பானால், "தேவனுக்கு ஸ்தோத்திரம்" என்பார்கள். கார்த்தேஜில் ரோம ஆளுநர்களுக்கே அது பழகிவிட்டது. விடுதலையானதற்கு யாராவது அதைச் சொல்லித் தொலைத்தால் என்ன ஆகும் என்று ஒரு நாள் குளித்துக்கொண்டே யோசித்தேன். இந்தக் கதை அங்கே பிறந்தது. விசுவாசத்துக்காக உயிர்விட்டவர்களின் நினைவுநாளில் வாசிக்க ஏதாவது எழுதித் தா என்று சபை மூப்பர் வேறு நச்சரித்துக்கொண்டிருந்தார்.

2

வாளுக்கும் அஞ்சாத வீரமங்கை பிரிக்தா...

(வேண்டாம். அவள் பல்லிக்குக்கூட அஞ்சுவாள்.)

பிரிக்தா, எண்ணெய் வியாபாரி ரொகாத்துஸின் மனைவி. அவன் நம்மவன், அவள் இல்லை. ஊர்த் தேவி காயெலெஸ்திஸுக்கு அத்திப்பழம் படைப்பவள். அவனோ சாப்பாட்டுக்கு முன் ஒரு ஸ்தோத்திரம், பின் ஒரு ஸ்தோத்திரம், தொலைந்த கழுதை திரும்பினால் ஒரு ஸ்தோத்திரம் என்று இருப்பவன்.

"உங்க சாமிக்குக் காது மந்தமா? எத்தன தடவதான் சொல்லுவீங்க?"

"நீயுந்தான் நேத்து சொன்ன. கூழு அடிபிடிக்காம தப்பிச்சப்போ."

"வாய் தவறி வந்துடுச்சு. உங்ககூட குடும்பம் நடத்தினா எதுதான் ஒட்டாது."

(இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.)

3

ரொகாத்துஸை யாரோ ஆளுநரிடம் காட்டிக்கொடுத்தார்கள். (யார் என்று இரண்டு பக்கம் எழுதினேன். ஊர் வம்பு எதற்கு என்று அழித்துவிட்டேன்.)

பேரரசர் பெயரால் நெருப்பில் ஒரு சிட்டிகை சாம்பிராணி போட்டால் வீடு, போடாவிட்டால் வாள். ரொகாத்துஸ் கூட்டத்தில் நின்ற பிரிக்தாவைப் பார்த்தான். போட்டுவிட்டான். அவனைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

"சரி, போ," என்றார் ஆளுநர்.

"தேவனுக்கு ஸ்தோத்திரம்," என்றாள் பிரிக்தா.

ஆளுநர் கூட்டத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"யாரும்மா அது? முன்னால வா. நீயும் அந்தக் கூட்டமா?"

"இல்லீங்கய்யா. நான் காயெலெஸ்திஸ் ஆத்தாவக் கும்பிடறவ."

"அப்ப நீயும் ஒரு சிட்டிகை போட்டுட்டுப் போ. உனக்கென்ன."

உண்மைதான், அவளுக்கென்ன? வீட்டில் தினமும் போடுகிறவள். கையை நீட்டிவிட்டாள். ஆளுநர் சும்மா இல்லாமல் இன்னொன்று கேட்டார்:

"ஆமா, இப்ப எந்தச் சாமிக்கு நன்றி சொன்ன?"

பிரிக்தா புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் சாம்பிராணி ஒட்டிய விரல்களை அங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தான். துடைக்கத் துடைக்கப் போகவில்லை போலும். அவ்வளவு பயத்திலும் ஆத்தாவின் நினைப்பே தனக்கு வரவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

4

ஒரு முடிவு: ஆத்தா பெயரைச் சொல்கிறாள். இருவரும் வீட்டுக்குப் போகிறார்கள். கூழ் ஆறுகிறது. சாப்பாட்டுக்கு முன் யாரும் எதுவும் சொல்லவில்லை. அதன் பிறகு அந்த வீட்டில்...

இன்னொன்று: அவன் சாமியின் பெயரைச் சொல்கிறாள், வாளுக்குப் போகிறாள். மூப்பருக்குப் பிடித்த முடிவு. ஆனால் நினைவுநாளில் இதை வாசிக்கும்போது ரொகாத்துஸ் எங்கே நிற்பான்? அதை என்னால் எழுத முடியவில்லை.

5

வாசிப்பவர் இங்கே நிறுத்த வேண்டும்.

சபையாரே, ஒரு சிட்டிகை போட்டுவிட்டு வந்து பின்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பவர்களே, உங்களிடம்தான் கேட்கிறேன். அவள் கை இன்னும் நெருப்புக்கு மேலே இருக்கிறது. ஆளுநர் காத்திருக்கிறார். எந்தப் பெயர் என்று அவளுக்கு எடுத்துக் கொடுங்கள்.