ஆர்வில் விட்டுவிட்ட குருவி

என் கொழுந்தன் ஆர்வில், தேவாலயத்தில் காணிக்கைத் தட்டு ஏந்துகிறவன். ஈ எறும்புக்கும் தீங்கு நினைக்க மாட்டான். அவனைப் போன்ற நல்லவர்களைக் கண்டாலே எனக்கு இப்போது வயிறு எரிகிறது.

என் கணவர் எல்வுட் சுரங்கத்தில் கரி வெட்டினவர். அந்தத் தூசி நெஞ்சில் கட்டிக்கொண்டு, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இந்த வசந்தத்தில் படுத்த படுக்கையானார். கட்டிலை ஜன்னலோரம் போட்டேன். வெளியே மேய்ச்சல் நிலத்தில், குருவிகள் கூடு கட்ட அவர் கையால் செய்த இரண்டு மரப்பெட்டிகள். பாம்பு ஏறாதபடி கம்பங்களில் தகரக் குழாய் மாட்டியிருந்தார். ஒன்றில் நீலக்குருவி குஞ்சு பொரித்திருந்தது.

"அதுங்க பறக்கிறதப் பாத்துட்டாப் போதும் ஒலிட்டா. அப்புறம் என்னை எந்தக் குழியில வேணா போடு," என்பார். டாக்டரும் அதற்குமேல் கெடு கொடுக்கவில்லை.

இன்னொரு பெட்டியில் சிட்டுக்குருவி புகுந்துவிட்டது. நீலக்குருவிக்குப் பெட்டி வைக்கிற எங்கள் பக்கத்து ஆட்களுக்குத் தெரியும், ஆண் சிட்டைப் பொறியில் பிடித்துக் கழுத்தைத் திருகிவிட வேண்டும். கூட்டை மட்டும் பிய்த்துப் போட்டால் அது வெறி பிடித்துப் பக்கத்துப் பெட்டிக்குள் பாய்ந்து நீலக்குருவியைக் கொத்திக் கொல்லும். பொறியை நானே வைத்தேன். திருகுவதற்கு என் விரல்களில் வலுவில்லை, மூட்டெல்லாம் வீக்கம். ஆர்விலை அனுப்பினேன்.

திரும்பி வந்தவனிடம், "முடிஞ்சுதா?" என்றேன்.

"கூட்டையும் பிச்சுப் போட்டுட்டேன் அண்ணி. கவலைய விடுங்க."

நானும் நம்பினேன்.

மறுநாள் நிலவறையில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். இயந்திரம் நின்ற பிறகுதான் மேலே சத்தம் கேட்டது. எல்வுட் கரண்டியால் ஜன்னல் கண்ணாடியைத் தட்டிக்கொண்டிருந்தார். கூப்பிட மூச்சில்லை. எவ்வளவு நேரம் தட்டினாரோ, நான் மேலே வந்ததும் கரண்டியால் வெளியே பெட்டியைக் காட்டினார்.

ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தேன். தாய்க்குருவி மண்டை கொத்தப்பட்டு, சிறகை விரித்தபடி கிடந்தது. அடியில் குஞ்சுகள். ஒன்றிலும் உயிரில்லை. பெட்டியின் கூரைமேல் அந்தக் கறுப்புக் கழுத்து ஆண் சிட்டு உட்கார்ந்து கத்திக்கொண்டிருந்தது.

சாயங்காலம் ஆர்வில் பீச் பழப் பணியாரத்தோடு வந்தான். வாசலிலேயே மறித்தேன்.

"அதைக் கொன்னியா, இல்லையா?"

தலை குனிந்தான். "கையில எடுத்தேன் அண்ணி. நெஞ்சு படபடன்னு அடிச்சுது. அதுவும் கர்த்தர் படைச்ச உசுருதானே. கூடு போச்சுன்னா எங்கயாவது போயிடும்னு நெனச்சேன்."

"போச்சு. பக்கத்துப் பெட்டிக்கு. உங்க அண்ணன் படுத்துக்கிட்டே முழுசாப் பாத்தாரு."

அவன் அழ ஆரம்பித்தான். எனக்கு இரக்கம் வரவில்லை.

உள்ளேயிருந்து எல்வுட் கூப்பிட்டார். ஒவ்வொரு சொல்லுக்கும் மூச்சு வாங்கினார்.

"ஆர்வில், இந்தக் கட்டிலப் பிடி."

"எதுக்குண்ணே?"

"சுவரப் பாத்துத் திருப்பிப் போடுடா."

ஆர்வில் தலைமாட்டைப் பிடித்தான், நான் கால்மாட்டைப் பிடித்தேன். திருப்பிப் போட்டோம். அதற்குப் பிறகு எல்வுட் ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை.