ஒலிபெருக்கியும் என் தம்பியும்

வேலைவாய்ப்பு அலுவலகத்தின் ஒலிபெருக்கிக்கும் என் தம்பிக்கும் ஏழாம் பொருத்தம். அது கரகரவென்று இழுத்து, ஒரு கீச்சு விட்டு, அப்புறம்தான் டோக்கன் எண்ணைச் சொல்லும். அந்தக் கீச்சு விழுந்ததும் தம்பி இரண்டு காதையும் பொத்திக்கொண்டு வெளியே படிக்கட்டுக்குப் போய்விடுவான். முப்பது வயது ஆள், ஆட்டிசம் உள்ளவன். உள்ளே நான் காத்திருப்பேன். எண் வந்ததும் ஓடிப்போய்க் கூப்பிடுவேன். அவன் எழுந்து, பையை மாட்டி, சட்டை பட்டனைச் சரிபார்த்துக் கிளம்புவதற்குள் அடுத்த எண் வந்துவிடும். "ஆள் நேரில் வரவில்லை" என்று எழுதி மூடிவிடுவார்கள்.

போன முறையும் அதற்கு முந்தைய முறையும் இதே கதைதான். இந்த முறை நான் விடுவதாக இல்லை. அரசு மருத்துவமனையின் சலவைப் பிரிவில் துணி மடிக்க ஆள் எடுக்கிறார்கள். பெயர் கொடுக்க இன்றுதான் கடைசி நாள். அந்தச் சலவைக்கூடத்தைத் தம்பி வாசலில் நின்று பார்த்திருக்கிறான். மெஷின்கள் நாள் முழுக்க ஒரே சீராக உறுமிக்கொண்டிருக்கும்.

"இந்தச் சத்தம் நல்லாருக்குக்கா. திடீர்னு எதுவும் பண்ணாது" என்றான். ஓர் இடம் பிடித்திருக்கிறது என்று அவன் வாயால் நான் கேட்டது அன்றுதான்.

எனவே டோக்கனைப் பையில் போட்டுக்கொண்டு நேராக அதிகாரியம்மாவின் கவுண்டருக்குப் போனேன்.

"மேடம், என் தம்பி வெளிய படியில இருக்கான். இந்த ஸ்பீக்கர் இருந்தா உள்ள வர மாட்டான். நீங்க ஒரு நிமிஷம் வெளிய வாங்களேன்."

"நான் எந்திரிச்சு வந்தா சீட்டை யாரும்மா பாத்துப்பா? எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

"அப்ப ஸ்பீக்கரை நிறுத்துங்க."

"விளையாடறியா? இத்தனை பேரை எப்படிக் கூப்பிடறது?"

"வாயால கூப்பிடுங்க. இல்ல, நான் கூப்பிடறேன். என் தொண்டைக்கு என்ன குறைச்சல்?"

வரிசையில் சிரிப்பு எழுந்தது. கையெல்லாம் பெயின்ட் கறையோடு நின்ற ஒருவர், "நிறுத்துங்க மேடம், அது என்ன சொல்லுதுன்னு எங்களுக்கே புரியறதில்ல" என்றார். அதிகாரியம்மா என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். முறைப்பதில் என்னை ஜெயிக்க ஆள் இனிமேல்தான் பிறக்க வேண்டும். கடைசியில் அவர் சுவிட்சைத் தட்டினார்.

வாசலில் போய்க் கையசைத்தேன். தம்பி கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, பட்டனைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே வந்தான்.

"இவருக்கு என்ன ஸ்பெஷல் திறமை? இவங்களுக்கெல்லாம் கணக்கு, காலண்டர்னு ஏதாவது ஒண்ணு இருக்குமே" என்று அதிகாரியம்மா என்னிடம் கேட்டார்.

எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. "அவன்கிட்டயே கேளுங்க."

தம்பி மேசை விளிம்பைப் பார்த்தபடி நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "ஸ்பெஷலா ஒண்ணும் இல்ல மேடம். துணி மடிப்பேன். தினமும் வருவேன்."

அவர் அவன் பெயரைப் பதிந்தார். பிறகு அவனைப் பார்த்தே பேசினார். "திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போங்க. இன்டர்வியூ வேண்டாம், மடிச்சுக் காட்டினா போதும்னு நான் சொல்லிடறேன்."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை யாரும் பார்ப்பதற்குள் கிளம்பலாமென்று அவனைக் கூப்பிட்டேன். அவன் அசையவில்லை.

"மேடம், அதைத் திரும்பப் போடாதீங்க."

"ஏன்ப்பா, உங்க வேலைதான் முடிஞ்சுதே?"

"படியில இன்னொருத்தர் இருக்கார். போன தடவையும் இருந்தார். அவரும் காதைப் பொத்திக்கிட்டிருக்கார். அவருக்கு அக்கா இல்ல."

அத்தனை முறை அந்தப் படியில் ஏறி இறங்கியும் அப்படி ஒருவரை நான் பார்த்ததே இல்லை. சுவிட்சுக்குப் போன அதிகாரியம்மாவின் கை பாதியில் நின்றது. நாற்காலியைப் பின்னால் தள்ளிவிட்டு எழுந்தார்.

"சீட்டைப் பாத்துக்கோ" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் படிக்கட்டுக்கு நடந்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டேன்.