கள்ளக்கடலுக்குப் பூஜ்யம்

1.

"என் மெஷின்ல ஓடுது லிஸி. உன் மெஷின்ல விழுந்தா அது என் குத்தமா?"

"அப்போ உங்க மெஷினையே தூக்கிட்டுப் போய் துறைமுகத்துல வைங்க சேட்டா."

கதை எனக்குக் கிடைத்தது இப்படித்தான், ஒட்டுப்பலகைத் தடுப்புக்கு இந்தப் பக்கமிருந்து. திருவனந்தபுரத்தில் கடல் கணிக்கும் அலுவலகத்தில் பக்கத்து அறைக்காரனுக்குக் காது இருப்பது குற்றமில்லை. (முதலில் 'மழை கொட்டிக்கொண்டிருந்தது' என்று தொடங்கினேன். தூறல்கூட இல்லை. அடித்துவிட்டேன்.)

2.

லிஸி பூந்துறை மீனவர் வீட்டுப் பெண். ரெஜி அவளுக்கு மேலதிகாரி, கட்டிக்கொள்ளப்போகிறவனும்கூட. தேவாலயத்தில் மனசம்மதம், அதாவது நிச்சயதார்த்தம், முடிந்துவிட்டது. விருந்தில் கரிமீன் உண்டா என்பதுதான் எங்கள் மாடியின் ஒரே கவலை.

துறைமுகத்து அறிவிப்புப் பலகைக்கு அலை விவரம் அனுப்பும் நிரலைப் பழைய யூனிக்ஸ் இயந்திரத்திலிருந்து புதியதற்கு மாற்றவேண்டும். காலையிலிருந்து லிஸி நிறுவிப் பார்க்கிறாள். ஒரே இடத்தில் விழுகிறது: தூர அலையைக் கணக்கிடும் துணைநிரலைக் காணோம்.

[லிஸி பிடிவாதக்காரி, ஏனென்றால் அவள்— வேண்டாம். கேட்டதை மட்டும் எழுதுகிறேன்.]

பழைய இயந்திரத்தில் தேடினாள், ஒவ்வொன்றையும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே. இருக்கவேண்டிய இடத்தில் இல்லை. ரெஜியின் சொந்தக் கோப்புறையில் இருந்தது. திறந்தாள். உள்ளே ஒரே வரி. எதைக் கேட்டாலும் பூஜ்யம் சொல்லும்.*

* காற்றே இல்லாத நாளில், எங்கோ தெற்கே கிளம்பிய அலை வந்து கரையேறும். கள்ளக்கடல் என்பார்கள். அதை முன்கூட்டிச் சொல்லத்தான் அந்தத் துணைநிரல்.

3.

"சேட்டா, இது என்ன?"

"அதுவா... அப்போ லிங்க் ஆகல. சும்மா ஒரு பொம்மை வெச்சேன், எரர் போயிடுச்சு. அப்புறமா நிஜத்தை வைக்கலாம்னு."

"வெச்சீங்களா?"

"வேலை மேல வேலை வந்துடுச்சு லிஸி."

"அன்னிக்குக் கள்ளக்கடல் ஏறின ராத்திரி, அலை இல்லைன்னு பலகை சொன்னுச்சு. நம்பித் தூங்கினோம். வீட்டுக்குள்ள தண்ணி ஏறி, அம்மச்சியைக் கதவுப் பலகைல ஏத்தி இழுத்துட்டு வந்தோம். நீங்கதானே அரிசி மூட்டையோட ஆறுதல் சொல்ல வந்தீங்க?"

"மோளே, நாளைக்குப் புது மெஷினுக்குத் திறப்புவிழா. இப்போ பொம்மையைக் காப்பி பண்ணு, இன்ஸ்டால் ஆயிடும். மத்ததைக் கல்யாணத்துக்கப்புறம் பார்க்கலாம்."

தேநீரை உறிஞ்சுவதுபோல் நடிக்கக்கூட மறந்துவிட்டேன். அந்தப் பலகையைப் பார்த்து எத்தனை பேரிடம் 'பயப்படாம போங்க' என்றிருக்கிறேன்.

4.

முடிவு ஒன்று: பொம்மையை நகலெடுத்தாள். கல்யாணம், கரிமீன். எழுதிப் பார்த்தேன், பூந்துறையில் யாரிடமும் படித்துக்காட்ட முடியாது.

முடிவு இரண்டு: எல்லாவற்றையும் மேலிடத்துக்கு எழுதினாள், மேலிடம் தலைகுனிந்து— எந்த மேலிடம்? லிஸியே சிரிப்பாள்.

கேட்டது இவ்வளவுதான்: விசைகள் கொஞ்ச நேரம் தட்டப்பட்டன. நாற்காலி நகர்ந்தது. மறுநாள் விழா நடந்தது.

ரெஜி கோட்டயத்து நர்ஸ் ஒருத்தியைக் கட்டி அயர்லாந்து போய்விட்டான். லிஸியை விழிஞ்ஞத்துப் படகுக்காரர் ஒருவர் கட்டிக்கொண்டார். கடலில் இறங்குமுன் அவரைப் பலகையை நம்பிப் போக விடுகிறாளா அவள்? அது தெரிந்தால், அன்று என்ன தட்டினாள் என்பதும் தெரிந்துவிடும்.

அந்தப் பக்கம் போனால் நீங்கள் கேட்டுப் பாருங்கள். நான் கேட்கவில்லை; வாழ்நாளில் முதல் தடவையாக.