எதிர்வாசல் வெப்சைட்

பூங்கொடிக்கு வயிற்றெரிச்சல் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டால் அவளே சொல்வாள், எதிர்வாசலில் சுசித்ரா பெயிண்ட் அடித்த நாள் என்று. ஓசூர் சிப்காட்டை ஒட்டிய தெரு. அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு மழலையர் பள்ளிகள். பூங்கொடியின் பள்ளிதான் முதலில் வந்தது. வந்து என்ன, முதலில் வந்தவளுக்கு யார் மாலை போட்டார்கள்? பெங்களூரிலிருந்து கல்யாணமாகி வந்த சுசித்ரா சுவரெல்லாம் ஒட்டகச்சிவிங்கி வரைந்து, செயற்கைப் புல் விரித்து, வாசலில் கேமராவும் மாட்டினாள். அதையெல்லாம்கூடப் பூங்கொடி பொறுத்துக்கொண்டாள். வெப்சைட்டைத்தான் பொறுக்க முடியவில்லை.

மதியம் பிள்ளைகள் தூங்கியதும் போனில் அதைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். 'ஒவ்வொரு குழந்தையும் ஒரு விதை, நாங்கள் அதற்குச் சூரியன்' என்று இங்கிலீஷில் மின்னும். "இவ சூரியனாம்" என்று முணுமுணுத்துவிட்டு மூடுவாள். மறுபடியும் திறப்பாள். படிக்கப் படிக்கப் பற்றிக்கொண்டு வரும். அப்படி ஒரு வரி தனக்குத் தோன்றித் தொலைக்கவில்லையே என்பதுதான் உள்ளே இருந்த நெருப்பு.

பூங்கொடியிடம் வருபவர்கள் கம்பெனியில் முதல் ஷிப்ட் போகிற பெண்களின் பிள்ளைகள். விடிவதற்குள் கம்பெனி பஸ் தெருமுனைக்கு வந்துவிடும். அதற்கு முன்னால், அஞ்சரைக்கெல்லாம், தூங்குகிற பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அம்மாக்கள் வருவார்கள். ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்குப் பிள்ளை மாற வேண்டும், ஆனால் கண் திறக்கக் கூடாது. பிள்ளையோடு அம்மாவின் துப்பட்டாவும் வரும். மெஷின் பக்கம் துப்பட்டா போட விடமாட்டார்கள் என்பதால் எல்லாரும் அதை இங்கேயே விட்டுப் போவார்கள், சாயங்காலம் எடுக்க மறந்தும் போவார்கள். விழித்ததும் அழுகிற பிள்ளைக்கு அதனதன் அம்மா துப்பட்டாவைக் கொடுத்தால் போதும், முகத்தில் போர்த்திக்கொண்டு அடங்கிவிடும். அதற்காகவே சுவரில் வரிசையாகக் கொக்கி அடித்து, மேலே பிள்ளைகளின் பெயரை எழுதி வைத்திருந்தாள். யாரும் சொல்லித்தந்ததில்லை, தானாக வந்த பழக்கம்.

எரிச்சல் முற்றியதும் நமக்கும் ஒரு வெப்சைட் வேண்டும் என்று கிளம்பினாள். பஸ் ஸ்டாண்டு பக்கம் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பிரகாஷ், "செஞ்சுடலாம்க்கா, போட்டோவும் மேட்டரும் மட்டும் குடுத்துடுங்க" என்றான். மேட்டருக்கு எங்கே போவது? 'காலையில் சீக்கிரமே திறந்துவிடுவோம்' என்று எழுதிப் பார்த்தாள். டீக்கடை போர்டு மாதிரி இருந்தது. அடித்துவிட்டாள். போட்டோ எடுக்கும்போது அந்தத் துப்பட்டா வரிசை துணி காயப்போட்ட முற்றமாகத் தெரிந்தது. எல்லாவற்றையும் சுருட்டி மேஜைக்கடியில் தள்ளினாள். கடைசியில் சுசித்ராவின் பக்கத்தையே பார்த்து எழுத ஆரம்பித்தாள். விதை என்பதைச் செடி என்றும், சூரியன் என்பதை மழை என்றும் மாற்றினாள்.

அவள் புருஷன் அழகர்சாமி மதுரைக்காரர், கம்பெனியில் வெல்டர். எட்டிப் பார்த்துச் சிரித்தார். "ஏன் கொடி, வெதைய செடின்னு மாத்திப்புட்டா நம்மளுதாயிருமா?"

"நீங்க சும்மா இருங்க."

"அது சரி, நேரம் ஒம்பதுலேருந்து பன்னெண்டரைன்னு போட்டிருக்க?"

"அஞ்சரைன்னு போட்டா ஆயா வீடுன்னு நெனச்சுக்குவாங்க. காரு வச்சிருக்கறவங்க வரணுமில்ல, அதுக்கோசரந்தான். நம்ம அம்மாங்களுக்குத்தான் நாம எப்ப தெறப்போம்னு தெரியுமே."

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஊருக்குக் காட்டாவிட்டால் செய்த காரியம் செரிக்குமா? சனிக்கிழமை சாயங்காலம் அம்மாக்களின் வாட்ஸாப் குரூப்பில் லிங்கை அனுப்பி, 'நம்ம ஸ்கூல் புதுசா மாறிடுச்சு, எல்லாரும் படிச்சுப் பாருங்க' என்று போட்டாள். எப்படியாவது அது சுசித்ராவின் கண்ணில் பட வேண்டும், அவளும் கொஞ்சம் வேக வேண்டும். ஆசை அவ்வளவுதான்.

திங்கட்கிழமை வழக்கம்போலக் கேட்டைத் திறந்து, பாய்களை விரித்து வைத்துவிட்டு நின்றாள். யாரும் வரவில்லை. பஸ் வந்து ஹாரன் அடித்தது. அம்மாக்கள் வெறுங்கையோடு ஏறினார்கள். நாகரசம்பட்டியிலிருந்து வந்து இங்கே ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிரியா, எப்போதும் கையாட்டிவிட்டுப் போகிறவள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பஸ் போய்விட்டது. பூங்கொடி உள்ளே திரும்பிப் பார்த்தாள். பிள்ளைகளே இல்லாமல் அந்த அறையைப் பார்க்க அவளுக்குப் பயமாக இருந்தது.

எதிர்க்கேட் திறந்தது. நைட்டிமேல் சால்வை போர்த்திக்கொண்டு சுசித்ரா தெருவைக் கடந்து வந்தாள்.

"அக்கா, கோபா மாட்கோபேடி" என்றாள். பதற்றம் வந்தால் அவளுக்குக் கன்னடம்தான் முன்னால் வரும். "கோபப்படாதீங்க. நேத்து உங்க பிள்ளைங்க அம்மா எல்லாம் எங்க வீட்டுக்கு வந்தாங்க. நாளையிலேருந்து அஞ்சரைக்கு நீங்க தெறப்பீங்களான்னு கேட்டாங்க. பூங்கொடி அக்கா ஒம்பது மணி ஸ்கூல் ஆயிட்டாங்க, எங்க பிள்ளைங்கள வேணாம்னுட்டாங்கன்னு பிரியா அழறா. இன்னிக்கு ஒரு நாளைக்குப் பிள்ளைங்கள அக்கம்பக்கத்துல விட்டுட்டுப் போயிருக்காங்க."

"நான் எப்ப வேணாம்னேன்? ஒரு போன் பண்ணிக் கேக்கக் கூடாதா?"

"நானும் அதான் சொன்னேன். எழுதியே போட்டுட்டாங்க, அப்புறம் என்ன கேக்கறதுன்னு பிரியா சொல்லிட்டா."

சுசித்ரா போனை நீட்டினாள். செடி, மழை, ஒன்பது முதல் பன்னிரண்டரை. இது என்னுடையதாயிற்றே என்று அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் பூங்கொடி சண்டைக்காவது போயிருப்பாள். மானம் போயிற்று என்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"பிள்ளைங்க வந்தா நீ சேத்துக்க வேண்டியதுதான" என்றாள் கடுப்பாக.

"எனக்கு அது வராதுக்கா. எழுப்பாம ஒரு பிள்ளைய வாங்க எனக்குத் தெரியாது. தெனம் ஜன்னல்லேருந்து பாப்பேன். எங்கிட்ட வர்றதெல்லாம் அழுதுட்டேதான் வருது. உங்களப் பாத்தா எனக்கு வயிறு எரியும்."

பொய் எதற்கு, அதைக் கேட்டதும் பூங்கொடிக்கு உச்சி குளிர்ந்தது. அந்த நிலைமையிலும் குளிர்ந்தது. அதற்குள் சுசித்ரா உள்ளே வெறும் கொக்கிகளைப் பார்த்துவிட்டு, "துப்பட்டாவெல்லாம் எங்கே?" என்றாள்.

மேஜைக்கடியிலிருந்து இரண்டு பேருமாக எடுத்து, உதறி மாட்டினார்கள். "இதைத்தானேக்கா எழுதணும்" என்றாள் சுசித்ரா. அவளுக்குத் தமிழ் எழுத வராது. அவள் சொல்லச் சொல்லப் பூங்கொடி எழுதினாள். 'தூங்கும் பிள்ளையைத் தூக்கத்தோடே வாங்கிக்கொள்வோம். அம்மா திரும்பி வரும்வரை அவள் வாசம் பிள்ளையோடு இருக்கும்.'

பிரகாஷ் பழையதை எடுத்துவிட்டு அதைப் போட்டான். அஞ்சரை என்றும் போட்டான். பூங்கொடி குரூப்பில் அனுப்பி, தப்பு என்னுடையதுதான், நாளைக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கெஞ்சியும் எழுதினாள்.

மறுநாள் அம்மாக்கள் வந்தார்கள். பிரியா மகனைத் தோள் மாற்றிவிட்டுத் துப்பட்டாவைக் கழற்றினாள். கண் கலங்கியிருந்தது.

"நேத்து திரும்பி வர்றப்ப பஸ்ல எல்லாரும் படிச்சோம்க்கா. அவள் வாசம்னு போட்டிருந்தீங்களே, எனக்கு அழுகையே வந்துடுச்சு. எப்படித்தான் இப்படியெல்லாம் எழுதறீங்களோ."

எதிர் ஜன்னலில் லைட் எரிந்தது. சுசித்ரா நின்றிருந்தாள். அவ சொன்னதுடி அது என்று சொல்லிவிடப் பூங்கொடி வாயைத் திறந்தாள். அடி வயிற்றிலிருந்து பழைய எரிச்சல் சுறுசுறுவென்று ஏறியது. பாவி, இந்தக் கொக்கிகளுக்குக் கீழே இத்தனை வருஷம் கிடந்தவள் நான், வரி அவளுக்கல்லவா வந்தது.

பிள்ளை தோளில் லேசாக அசைந்தது. பூங்கொடி உதட்டில் விரலை வைத்து, தூங்குகிறான், பேசாதே என்று பிரியாவுக்குச் சைகை காட்டிவிட்டு உள்ளே போனாள்.