கத்திச் சொல்ல முடியாதவை

மயிலாடுதுறைக் கடையில் காது மிஷினை மாட்டிவிட்ட பெண், "இனிமே நீங்க கத்த வேணாம் சார். மெதுவாப் பேசினாலே அம்மாவுக்குக் கேக்கும்" என்றாள். பஞ்சநதம் தலையாட்டினார். ஆனால் குத்தாலம் வரைக்கும் பஸ்ஸில் மனைவிக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தும், மெதுவாகச் சொல்ல அவருக்கு ஒரு வார்த்தை அகப்படவில்லை.

ஆறு வருஷமாக ஆனந்தவல்லிக்குக் காது மந்தம். எதைச் சொன்னாலும் தெருவுக்கே கேட்கும்படி கத்த வேண்டும். சோறு போடு, கதவைச் சாத்து, மாத்திரை எங்கே என்று கத்தலாம். நேற்று வைத்த மீன்குழம்பு இன்னும் நாக்கிலேயே நிற்கிறது என்பதை நாலு வீட்டுக்குக் கேட்க எப்படிக் கத்துவது? சொல்லாமல் விட்டது பழகி, பிறகு சொல்லத் தோன்றுவதே நின்றுபோயிருந்தது.

நாலாம் நாள் மிஷின் அலமாரியில் டப்பாவோடு கிடந்தது.

"ஏன் கழட்டி வச்சுட்ட? வலிக்குதா?" பழக்கத்தில் உரக்கத்தான் கேட்டார்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "மாட்டினா என்ன கேக்குது? மிக்சி சத்தம், மோட்டார் சத்தம், அப்புறம் நீங்க போடுற சத்தம். அது இல்லாமலே கேக்குதே."

கோபமில்லாமல் சொன்னாள். அதுதான் அவருக்கு உறைத்தது.

வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதாக போன் வந்தது. மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு தெருமுனை வரை போனவர் திரும்பி வந்தார். டப்பாவை எடுத்து, அவள் எதிரே குந்தி உட்கார்ந்து, மிஷினைக் காதில் பொருத்தினார். வெடித்த விரல்கள் பட்டு அவளுக்குக் கூசியது.

"நம்ம பொண்ணு மேகலா கல்யாணத்தன்னிக்கு" என்றார், அவருக்கே கேட்காத குரலில். "அந்தப் பச்சப் பொடவையில நீ ரொம்ப நல்லா இருந்த."

அவள் கை கீரைக்கட்டிலேயே நின்றது.

"அது நடந்து நாலு வருஷம் ஆச்சுங்க."

"மண்டபத்துல அத்தன பேர வச்சிக்கிட்டு எப்படிக் கத்துறது?"

அவள் அவரையே பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, உதடு சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தது.

"அது பச்ச இல்லங்க. மயில் கழுத்துக் கலரு."

போன் மறுபடி அடித்தது. மடை திறக்கக் கூப்பிடுகிறார்கள். அவர் அதை எடுக்கவில்லை. ஆனந்தவல்லி கீரைத் தட்டைத் தள்ளி வைத்தாள். நரைத்த முடியைக் காதுக்குப் பின்னால் ஒதுக்கிக்கொண்டு, அவர் பக்கமாகச் சற்றே சாய்ந்தாள்.