இடித்து வைத்த வெள்ளைப்பூடு

மனைவியை அடக்கிவிட்டுக் கபுரடியிலிருந்து திரும்பிய கலந்தர், ஆட்களோடு முன்வாசலில் உட்காராமல் நேரே குசினிக்குப் போனார். அங்கே பக்கத்து வீட்டு ஸரீனா, வெட்டிய கங்குங்கீரையை ஒரு பையில் அள்ளிக்கொண்டிருந்தாள்.

"அத எறியாதீங்க" என்றார்.

காலையில் அபீபா எடுத்து வைத்தது எல்லாம் அப்படியே இருந்தது. துணியில் சுற்றிய சோயாக்கட்டி டோஃபு, தண்ணீர் வடிய இரண்டு பீங்கானுக்கு நடுவில். மேலே பாரத்துக்கு எண்ணெய்ப் போத்தல். எண்ணெய் விடாத தாச்சிச் சட்டி அடுப்பில் ஏறியிருந்தது. நெஞ்சு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று வாங்குப் பலகையில் உட்கார்ந்தவள்தான். அவர் தண்ணீர் கொண்டு வருவதற்குள் போய்விட்டாள். பழைய நெஞ்சு வருத்தக்காரிதான், டொக்டர் வந்து பார்த்து உறுதிப்படுத்திவிட்டுப் போனார். அஸர் தொழுகையோடு அடக்கமும் முடிந்துவிட்டது.

மௌத்து வீட்டில் மூன்று நாளைக்கு அடுப்புப் பற்ற வைக்கும் வழக்கம் அலுவிகாரைப் பக்கம் எங்கேயும் இல்லை. சாப்பாடு அயல் வீடுகளிலிருந்து வரும். அதைத்தான் ஸரீனா பதமாக எடுத்துச் சொன்னாள். கீரை வாடிவிடும் என்றும் சொன்னாள்.

"நான் பத்த வைக்கல. உங்க வீட்டுல வச்சு ஆக்கித் தாங்க. அவ கையால வெட்டினது."

ஸரீனா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். டோஃபுவையும் கீரையையும் நெஞ்சோடு அணைத்து எடுத்துப் போனாள்.

போன வருசம் டொக்டர் கலந்தருக்கு மாட்டிறைச்சியை நிறுத்தினார். மாடில்லாமல் மனுசன் எப்படி உயிர் வாழ்வது என்று அவர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். கொழும்பிலிருக்கும் மகள் ஜெஸ்லாதான் அதற்குப் பதிலாக டோஃபுவை வாங்கி வந்து, எப்படிப் பொரிப்பது என்று உம்மாவுக்குக் காட்டிக் கொடுத்தாள். அதற்குப் பிறகு போனிலும் பாடம் நடந்தது. அந்தப் பக்கத்திலிருந்து மகள், "உம்மா, தீயக் குறைங்க, பூடு கருகும்" என்பாள். அபீபா குறைக்கவே மாட்டாள். பூடு சிவந்து ஓரம் கருகினால்தான் அவளுக்குக் கறி. டோஃபு சிவந்ததும் கீரையைக் கொட்டி, நாலு பிரட்டுப் பிரட்டி, தண்டு நறுக்கென்று இருக்கும்போதே சோயா சோஸ் விட்டு இறக்கிவிடுவாள்.

"இன்னைக்கும் சவுக்காரக் கட்டியா?" என்று கேட்டுக்கொண்டேதான் கலந்தர் சாப்பிட உட்காருவார்.

"நுரை வந்தா சொல்லுங்க" என்பாள் அபீபா. அவர் பீங்கானை வழித்துச் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இரண்டாம் தரமும் போடுவாள்.

மஃரிபு தொழுகைக்குப் பிறகு ஸரீனா மூடிய சட்டியோடு வந்தாள். அபீபா ராத்தா வெட்டியதில் ஒரு தண்டைக்கூட வீணாக்கவில்லை என்றாள். கலந்தர் மூடியைத் திறந்தார். மஞ்சள், ரம்பை இலை, மாசிக் கருவாடு போட்டுத் தேங்காய்ப்பால் விட்டிருந்தாள். மௌத்து வீட்டுக்குப் போகிற கறியாயிற்றே, கெட்டிப்பால் கொஞ்சம் தாராளமாகவே விட்டிருந்தாள். கீரை துவண்டு கிடந்தது. டோஃபு எது, பால் திரண்டது எது என்று தெரியவில்லை.

அவளைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? இந்தப் பக்கத்தில் நல்ல கறி என்றால் பால்கறிதானே. பொரிக்கச் சொல்லிக் கொடுக்காதது கலந்தரின் பிழை.

"ருசியா இருக்கா நானா?" என்று கேட்டாள் ஸரீனா.

"நல்லா இருக்கு" என்ற கலந்தர் முழுவதையும் சாப்பிட்டார். மௌத்துக்கு வந்திருந்த ஜெஸ்லா கொஞ்சம் கேட்டபோதுகூடக் கொடுக்கவில்லை. ஒவ்வொரு வாயிலும் அபீபாவைத் தேடினார். அவள் அதில் இல்லை.

மூன்று நாளும் ஆட்களும் சாப்பாடும் வந்துகொண்டே இருந்தன. அடுத்த நாள் காலையில்தான் வீடு வெறிச்சென்று ஆனது. தேத்தண்ணிக்குச் சீனி தேடிப் போன கலந்தர், அரிசி வாளிக்குப் பின்னால் சின்ன உரலைக் கண்டார். ஈ மொய்க்காமல் தேங்காய்ச் சிரட்டையால் மூடியிருந்தது. உள்ளே அபீபா இடித்து வைத்த வெள்ளைப்பூடும் கொச்சி மிளகாயும். ஸரீனா இதைக் காணவில்லை.

பூடு காய்ந்து ஓரம் மஞ்சளாகியிருந்தது. விரலால் தொட்டு முகர்ந்தார். பிறகு அடுப்பைப் பற்ற வைத்து, தாச்சியில் எண்ணெய் விட்டு, அது புகையத் தொடங்கியதும் உரலைக் கவிழ்த்து வழித்துப் போட்டார். சடசடவென்று பொரிந்தது. வாசம் குசினியைத் தாண்டி நடு அறைக்குப் போனது. போடுவதற்கு வேறொன்றும் அவரிடம் இல்லை.

நடு அறையில் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தாள் ஜெஸ்லா.

"உம்மா, தீயக் குறைங்க" என்றாள், தலையை நிமிர்த்தாமலே.

அதற்குப் பிறகு பாய் சுருட்டும் சத்தம் கேட்கவில்லை. கலந்தரின் கை அடுப்புத் திருகிக்குப் போனது. பூடு ஓரத்தில் சிவந்துகொண்டிருந்தது. அவர் கையை எடுத்துக்கொண்டார். தீயைக் குறைக்கவில்லை.