சிக்ஸ்டன் மேல் விழுந்த அழுத்தம்

மனிதன் பேசத் தொடங்கிய நாள் முதல் அவன் சொன்ன ஒவ்வொரு வாக்கியத்திலும் ஒரே ஒரு சொல்தான் உயிரோடு இருந்திருக்கிறது. மற்றவையெல்லாம் அதைத் தோளில் சுமந்து வந்த பல்லக்குத் தூக்கிகள். பேராசிரியர் சிக்ஸ்டன் ஆல்குருண்ட் இதைப் பட்டமளிப்பு விழாவில் சொல்லியிருக்கிறார். வானொலியில் சொல்லியிருக்கிறார். துறையின் பாத்திரம் கழுவும் இயந்திரம் மக்கர் செய்தபோது அதைப் பழுது பார்க்க வந்தவரிடமும் சொல்லியிருக்கிறார். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி, தண்ணிய எங்க நிறுத்தறது?" என்றார்.

ஸ்வீடனில் இருக்கும் எங்கள் பல்கலைக்கழகத் துறை பேச்சொலியை ஆராய்கிற துறை. தமிழில் ஒரு 'தான்' போட்டு முடித்துக்கொள்கிற காரியத்தை ஸ்வீடிஷ்காரர்கள் தொண்டையை வைத்துச் செய்தாக வேண்டியிருக்கிறது. 'பெரித் படகு வாங்கினாள்' என்றால், வாங்கியது பெரித்தா வேறு யாராவதா, வாங்கியது படகா வேறு எதாவதா என்பதைக் குரல் காட்ட வேண்டும். அழுத்திச் சொல்ல வேண்டிய சொல் வரும்போது குரல் மேலே ஏறி இறங்கும். சொல் கொஞ்சம் நீளும். பேசுகிறவரின் புருவமும் கூடவே ஏறும். இந்த மொழியின் சொற்களுக்குச் சொந்தமாகவே ஓர் ஏற்ற இறக்கம் உண்டு. அழுத்தம் விழும்போது அதற்கு மேல் இன்னொரு மேடு வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த இரண்டாவது மேட்டை அளந்து படம் வரைந்தவர்கள் பல பேர். சிக்ஸ்டனும் அவர்களில் ஒருவர். "நான் ஒண்ணும் பெருசா பண்ணிடல" என்று எல்லோரிடமும் அடக்கமாகச் சொன்னார். பிறகு அதற்கு 'ஆல்குருண்ட் மேடு' என்று பெயர் வைத்தார்.

மேட்டோடு ஒரு விதியும் வந்தது. குரலில் இல்லாத அழுத்தம் காதில் விழாது. காதுக்குக் கற்பனை கிடையாது. அவருடைய அறைக் கதவில் இது சட்டம் போட்டு மாட்டப்பட்டிருந்தது.

அவரிடம் முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்த ஹில்லெவி பிரென்மார்க், காதுக்குக் கற்பனை உண்டு என்று தன் ஆய்வேட்டையே ஒரு புத்தகமாக எழுதிவிட்டாள். சிக்ஸ்டன் எப்படி விட்டார் என்று கேட்கலாம். புத்தகத்தின் முதல் மூன்று அத்தியாயங்கள் மேட்டைப் பற்றியவை. அவற்றின் ஓரங்களில் 'அருமை' என்று எழுதிக்கொண்டே வந்தவர், நான்காவது தொடங்கும் இடத்தில் ஒரு மாநாட்டுக்காக லிஸ்பன் போய்விட்டார். திரும்பி வந்தபோது புத்தகம் அச்சாகியிருந்தது. இங்குள்ள வழக்கப்படி அதைச் சுத்தியலால் அறிவிப்புப் பலகையில் ஆணி அடித்து மாட்டும் நாளில், சுத்தியலை அவளிடமிருந்து வாங்கிக்கொண்டு சுதந்திரச் சிந்தனை பற்றி ஓர் உரை ஆற்றினார். ஆணி வளைந்தது. உரை நேராகப் போய்க்கொண்டே இருந்தது.

நான்காவது அத்தியாயத்தில் இருந்தது ஓர் எளிய சோதனை. ஹில்லெவி ஓர் இயந்திரக் குரலை எடுத்து, அதன் ஏற்ற இறக்கங்களை எல்லாம் இஸ்திரி போட்டதுபோல் மட்டமாக்கினாள். எந்தச் சொல்லும் மற்றதைவிட உயரவில்லை, நீளவில்லை. அந்தக் குரலில் சில வாக்கியங்களைப் பேசவைத்து, கேட்பவர்கள் அழுத்தம் விழுந்ததாகத் தோன்றும் சொல்லைக் குறிக்க வேண்டும் என்றாள். வாக்கியங்களை எங்கள் காபி அறையிலிருந்தே எடுத்திருந்தாள். அங்கே வியாழக்கிழமை தோறும் முறை வைத்து ஒருவர் எல்லோருக்கும் ஏலக்காய் பன் கொண்டுவருவது வழக்கம். 'வியாழக்கிழமை மாய்-லிஸ் ஏலக்காய் பன் கொண்டுவருகிறார்.' 'வியாழக்கிழமை சிக்ஸ்டன் ஏலக்காய் பன் கொண்டுவருகிறார்.' இப்படித் துறையில் எல்லோர் பெயரும் வந்தது. பேராசிரியரை மட்டும் விட்டால் நன்றாக இருக்காது என்று அவர் பெயரையும் சேர்த்ததாகப் பின்னால் சொன்னாள்.

நாங்கள் கேட்டோம், குறித்தோம். மாய்-லிஸ் வாக்கியத்தில் யாருக்கும் எதுவும் கேட்கவில்லை. சிக்ஸ்டன் வாக்கியத்தில் துறை மொத்தமும், ஒருவர் மிச்சமில்லாமல், 'சிக்ஸ்டன்' என்ற சொல்லைக் குறித்திருந்தது. தெற்கே மால்மோவில் எங்களை யார் என்றே தெரியாத மாணவர்களுக்கும் அதே வாக்கியங்களைப் போட்டுக் காட்டினாள். இரண்டிலும் அவர்களுக்கு ஒன்றும் கேட்கவில்லை.

புத்தகத்தை எல்லோர் முன்னாலும் தற்காத்துப் பேச வேண்டிய நாள் காலையில், மூத்த விரிவுரையாளர் மாய்-லிஸ் காபி அறையில் ஹில்லெவியைப் பிடித்துக்கொண்டார். இங்கே மூத்தவர்களையும் பேராசிரியர்களையும்கூட எல்லோரும் 'நீ' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"அந்த பன் வாக்கியத்தப் பத்திக் கேட்டா என்ன சொல்லப் போற?"

"எதிர்பார்ப்புன்னு சொல்லுவேன். எதிர்பாராத செய்தி வந்தா காது தானே அழுத்தம் போட்டுக்குது. புத்தகத்துலயும் அப்படித்தான் இருக்கு."

"என்ன எதிர்பார்ப்புன்னு கேட்டா?"

"கேக்க மாட்டாங்க, மாய்-லிஸ். மரியாதைன்னு ஒண்ணு இருக்குல்ல."

"எதிர்வாதம் பண்ண வர்றது மால்மோக்காரி. அவளுக்கு என்ன தெரியும் நம்ம மரியாதை?"

"கேட்டா நீ எழுந்து சொல்லிடு."

"நானா? சிக்ஸ்டன் முறைக்கெல்லாம் நாந்தானே பன் சுட்டுட்டு இருக்கேன், அதுலயே வாயத் திறக்கல. இத வேற போய் சொல்லணுமா?" என்றார் மாய்-லிஸ். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, "உனக்கு ஓபோவுல வேலை வேணுமா வேணாமா, அத மட்டும் நெனச்சுக்கோ" என்றார்.

விஷயம் இதுதான். பின்லாந்தின் ஓபோ நகரில் ஹில்லெவிக்கு ஒரு விரிவுரையாளர் வேலை காத்திருந்தது. இன்று பட்டம் கிடைத்தால் வேலை. கிடைக்காவிட்டால் அது ஹெல்சிங்கியில் இருக்கும் ஒரு பையனுக்கு. பட்டம் கிடைக்க அவள் சொல்ல வேண்டியிருக்கக்கூடிய ஒரு வாக்கியம், இந்த நாட்டில் யாரும் யாரிடமும் நேரில் சொல்லாத வகை. நூறு பேர் முன்னால் ஒருவரின் வாழ்நாள் கொள்கை தப்பு என்று இங்கே சொல்லலாம், கைகுலுக்கிவிட்டுப் போய்விடுவார். பன் கொண்டுவருவது உன் முறை என்று சொல்ல முடியாது. அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுச் சலவை அறையில் அடுத்தவருக்கு ஒதுக்கிய நேரத்தை எடுத்துக்கொண்டவருக்குக்கூட, பெயர் போடாத ஒரு சீட்டைக் கதவில் ஒட்டிவிட்டு, மாடிப்படியில் பார்த்தால் சிரிக்கிற ஊர் இது.

அரங்கம் நிறைந்திருந்தது. ஹில்லெவியின் அம்மா முதல் வரிசையில் மடியில் பூங்கொத்தோடு உட்கார்ந்திருந்தார். எதிர்வாதம் செய்ய மால்மோவிலிருந்து பேராசிரியர் போடில் டோர்ன்க்விஸ்ட் வந்திருந்தார். முடிவு சொல்லும் மூவர் குழுவின் தலைவர் வடகோடியைச் சேர்ந்தவர். அந்தப் பக்கத்தில் 'ஆமாம்' என்பதை வாயைத் திறந்து சொல்வதில்லை; உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தால் போதும். அவர் முதல்முறை இழுத்தபோது, போடில் பேச்சை நிறுத்தி, "தண்ணி குடிக்கிறியா?" என்று கேட்டார்.

ஒரு மணி நேரம் எல்லாம் சுமுகமாகப் போனது. பிறகு போடில் கண்ணாடியைக் கழற்றினார்.

"ஹில்லெவி, புத்தகம் எனக்குப் பிடிச்சிருக்கு. ஒரே ஒரு வாக்கியம் இடிக்குது. இந்த சிக்ஸ்டன், பன், அது. இங்க இருக்கிறவங்க அத்தன பேருக்கும் அழுத்தம் கேக்குது, எங்க பசங்களுக்குக் கேக்கல. ஏன்?"

"கேக்கறவங்களோட எதிர்பார்ப்பு."

"எதப் பத்தி எதிர்பார்ப்பு?"

"அது... அவங்களோட முன் அனுபவம்."

"எதுல அனுபவம்? பன்லயா?"

யாரோ இருமினார்கள். ஹில்லெவி தன் காகிதங்களை ஒழுங்குபடுத்தினாள். அவை ஏற்கெனவே ஒழுங்காகத்தான் இருந்தன.

"இத பாரு," என்றார் போடில், "உன் வாதம் மொத்தமும் இந்த ஒரு முடிவு மேலதான் நிக்குது. காரணம் சொல்ல முடியலன்னா, குரல மட்டமாக்கினதுல கோளாறுன்னுதான் நாங்க எடுத்துக்கணும். அப்புறம் நாலாவது அத்தியாயத்துலேருந்து எதுவும் மிஞ்சாது. போட்டுக் காட்டேன், கேப்போம்."

வாக்கியம் ஒலித்தது. திரையில் குரலின் கோடு, மேசை விளிம்பைப் போல் நேராக ஓடியது. 'சிக்ஸ்டன்' வந்த இடத்தில் எங்கள் துறைத் தலைகள் எல்லாம் ஒரு விரற்கடை உயர்ந்தன. போடில் காதைத் திருப்பிக்கொண்டு, "எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றார்.

அப்போது சிக்ஸ்டன் எழுந்தார்.

ஆய்வை வழிநடத்தியவர் இந்த நிகழ்ச்சியில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்க வேண்டும் என்பது மரபு. சிக்ஸ்டன் மரபை மதிப்பவர். அதனால், "நான் வழிகாட்டியா பேசல, ஒரு சாதாரண காதா பேசறேன்" என்று தொடங்கினார்.

"அந்தப் பேர்ல அழுத்தம் இருக்கு. எனக்கே தெளிவா கேக்குது. எனக்குக் கேக்குதுன்னா, குரல்ல இருக்குன்னு அர்த்தம். மேடு மிச்சம் இருக்கு, ஹில்லெவி. நீ சரியா மட்டம் பண்ணல. ஒரு மாணவியக் காப்பாத்தறதுக்காக உண்மைய விட்டுக் கொடுக்க என்னால முடியாது. எனக்கு இது எவ்வளவு கஷ்டமா இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும்." கஷ்டம் எல்லோருக்கும் தெரிவதற்காகக் கொஞ்சம் நிறுத்தினார். "இல்ல, எதிர்பார்ப்புதான்னு நீ சொன்னா, அத இங்கயே சொல்லு. தைரியமா சொல்லு. என்ன எதிர்பார்ப்பு அது?"

ஹில்லெவி மாய்-லிஸைப் பார்த்தாள். மாய்-லிஸ் கைப்பையைத் திறந்து இருமல் மிட்டாய் தேடினார். பைக்குள் தலையை விட்டுத் தேட வேண்டிய அளவுக்கு மிட்டாய் ஆழத்தில் இருந்தது. முதல் வரிசையில் அம்மா பூங்கொத்தை ஒரு முழங்காலிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றினார்.

"சிக்ஸ்டன்," என்றாள் ஹில்லெவி, "நீ இந்தத் துறைக்கு வந்ததுலேருந்து ஒரு தடவகூட பன் கொண்டுவந்ததில்ல."

அவள் குரல் எங்கும் ஏறவில்லை. எந்தச் சொல்லும் நீளவில்லை. புருவம் இருந்த இடத்திலேயே இருந்தது. அவளுடைய இயந்திரம்கூட இவ்வளவு மட்டமாகப் பேசியதில்லை.

அரங்கத்தில் யாரும் சிரிக்கவில்லை. சிரித்தால் ஒப்புக்கொண்டதாகிவிடும். நாற்பது ஐம்பது பேர் தங்கள் காலணிகளைக் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓ," என்றார் போடில். "அப்போ அவரு பன் கொண்டுவர்றாருங்கறது உங்களுக்கெல்லாம் செய்தி."

"ஆமா."

"எங்க பசங்களுக்கு அவரு யாரோ ஒரு சிக்ஸ்டன். கொண்டுவந்தா என்ன, வராட்டி என்ன."

"ஆமா."

"இவருக்குமே கேட்டுச்சு. இப்பதான் சொன்னாரு, தெளிவா கேக்குதுன்னு." போடில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு சிக்ஸ்டனை முதல்முறையாக ஆர்வத்தோடு பார்த்தார். "இதவிட நல்ல சாட்சி வேணுமா?"

குழுத் தலைவர் உதட்டைக் குவித்து மூச்சை உள்ளே இழுத்தார். இந்த முறை போடில் தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவில்லை.

குழு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தது. நாங்கள் தாழ்வாரத்தில், இறாலும் முட்டையும் மயோனைசும் அப்பிய சாண்ட்விச் கேக்கைச் சுற்றி நின்றோம். முடிவு வரும்வரை அதில் கை வைக்கக் கூடாது. ஹில்லெவி சன்னலோரம் நின்று நகம் கடித்தாள். சிக்ஸ்டன் மாய்-லிஸின் பக்கத்தில் போய் நின்றார்.

"என் முறை வர்றப்பெல்லாம் எனக்கு வெளியூர் போற வேலை வந்துடுது," என்றார்.

"ஆமா. லிஸ்பன்."

"லிஸ்பன் ஒரு தடவதான்."

"அப்புறம் பல்வலி."

"அது நிஜமாவே பல்வலி, மாய்-லிஸ்."

"நான் இல்லேங்கலியே. பல்வலியோட யாராவது பன் சுடுவாங்களா?"

கதவு திறந்தது. தலைவர் வெளியே வந்து ஹில்லெவியைப் பார்த்து மூச்சை உள்ளே இழுத்தார். அவள் தென்பகுதியில் வளர்ந்தவள். ஒரு கணம் முகம் வெளுத்துப் போனது. பின்னாலேயே வந்த போடில், "பாஸ், பாஸ்! மூணு பேரும் ஒரே மனசா" என்றார். அம்மா பூங்கொத்தோடு ஓடி வந்து அழுதார். கேக் வெட்டப்பட்டது.

சிக்ஸ்டன் கரண்டியால் கோப்பையைத் தட்டினார். காது கற்பனை செய்கிறது என்பதைத் தான் நெடுநாளாகவே சந்தேகித்து வந்ததாகவும், ஹில்லெவியின் கண்டுபிடிப்பு ஆல்குருண்ட் மேட்டின் மறுசரிவு என்றும், எதிர்காலத்தில் இரண்டையும் ஒரே பெயரால் அழைப்பது வசதியாக இருக்கும் என்றும் சொன்னார். அந்தப் பெயர் என்ன என்பதை அடக்கம் காரணமாகச் சொல்லவில்லை. பிறகு நெஞ்சில் கை வைத்தார்.

"அடுத்த வியாழக்கிழமை," என்றார், "நான் கொண்டுவரேன். பன்."

'நான்' என்ற சொல்லில் அவர் குரல் உச்சிக்கு ஏறி, அங்கே சற்று நின்று சுற்றிலும் பார்த்துவிட்டு இறங்கியது. சொல் இரண்டு மடங்கு நீண்டது. புருவங்கள் முடியைத் தொட்டன. கோப்பையிலிருந்த பானம் கொஞ்சம் அவர் சட்டையிலேயே கொட்டியது. அழுத்தம் அங்கே இருந்தது, குரலில்தான் இருந்தது, அளப்பதற்குக் கருவிகூட வேண்டியிருக்கவில்லை. மால்மோக்காரிக்கும் கேட்டது. எல்லோரும் கைதட்டினோம். மாய்-லிஸும் தட்டினார்.

வியாழக்கிழமை மாய்-லிஸ் ஏலக்காய் பன் கொண்டுவந்தார்.